பரவலான வளர்ச்சிக் கோளாறுகள்: அறிதலும் ஆற்றுதலும்

(விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

இரண்டு வயதுக் குழந்தை ஒன்று நன்றாக ஓடுகிறது, ஏறுகிறது, பசித்தால் அழுகிறது. ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. சொல்லத் தொடங்கிய ஓரிரு சொற்களும் மறைந்துவிட்டன. தாயின் மனத்தில் ஐயம் பிறக்கிறது. வீட்டுப் பெரியவர்கள், "இவன் அப்பாகூட நாலு வயதில்தான் பேசினான், ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும்" என்று ஆறுதல் கூறுகின்றனர். அன்பால் கூறப்படும் அந்த ஆறுதலிலேயே ஓராண்டும் ஈராண்டும் கழிந்துவிடுகின்றன. மூளை மிக விரைவாக வளர்கின்ற, கற்பித்தல் மிக எளிதாகப் பயன்தருகின்ற ஆண்டுகள் அவையே. ஐயம் தோன்றிய நாளுக்கும் முதற்பயிற்சி தொடங்கும் நாளுக்கும் இடையிலுள்ள காலத்தைக் குறைப்பது எவ்வாறு என்பதே இவ்வுரையின் நோக்கம்.

பெயரும் பொருளும்

ஒரு குழந்தைக்கு நடை மட்டும் தாமதமாகலாம். மற்றொன்றுக்குப் பேச்சு மட்டும் தாமதமாகலாம். அவ்வாறன்றி, பிறரோடு உறவாடுதல், கருத்தைப் பரிமாறுதல், விளையாடுதல், புலன்களால் உலகை உணர்தல் எனப் பல துறைகளிலும் வளர்ச்சி வேறு வழியிற் செல்லுமாயின், அதனைப் பரவலான வளர்ச்சிக் கோளாறு என்றனர். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறி கையேட்டில் இப்பெயர் 1980ஆம் ஆண்டு இடம்பெற்றது. 1994ஆம் ஆண்டுப் பதிப்பு இதன்கீழ் ஐந்து பிரிவுகளை வைத்தது. அவை ஆட்டிசம், ஆஸ்பெர்கர் நிலை, ரெட் நோய்க்கூட்டு, குழந்தைப்பருவச் சிதைவுக் கோளாறு, இவற்றுள் எதிலும் முழுமையாக அடங்காத வகை என்பன.

இவற்றுள் ரெட் நோய்க்கூட்டு பெரும்பாலும் பெண் குழந்தைகளிடமே காணப்படுவது. ஆந்திரியாஸ் ரெட் என்னும் ஆஸ்திரிய மருத்துவர் இதனை 1966இல் விவரித்தார். எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் மாற்றமே இதற்குக் காரணம் என்பது 1999இல் தெளிவாயிற்று. காரணம் தனியே அறியப்பட்டமையால் இது பிற்காலப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. எஞ்சிய நான்கையும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு 'ஆட்டிச நிறமாலைக் கோளாறு' என்ற ஒரே பெயரில் இணைத்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடும் இப்பெயரையே ஏற்றுள்ளது. தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் வழங்குகின்றனர். எனவே பழைய மருத்துவ அறிக்கையில் ஒரு பெயரும் புதிய அறிக்கையில் வேறு பெயரும் இருப்பின் பெற்றோர் மருள வேண்டுவதில்லை.

நிறமாலை என்ற சொல் பொருத்தமானது. ஒரு சொல்லும் பேசாத குழந்தையும் இதில் உண்டு. ஓயாது பேசியும் எதிரிலிருப்பவரின் முகக்குறிப்பை உணர இயலாத குழந்தையும் உண்டு. உலகில் ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒருவருக்கு இந்நிலை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆண் குழந்தைகளிடம் மூன்று, நான்கு மடங்கு மிகுதியாகக் கண்டறியப்படுகிறது. அடக்கமான குழந்தை என்று கருதி விட்டுவிடுவதால் பெண் குழந்தைகள் பலர் தாமதமாகவே அறியப்படுகின்றனர்.

தாயின் குற்றம் அன்று

1943ஆம் ஆண்டு பால்டிமோர் நகரில் லியோ கேனர் என்னும் குழந்தை உளமருத்துவர் பதினொரு குழந்தைகளின் வரலாறுகளைத் தொகுத்து ஆட்டிசத்தை முதன்முதலில் தனி நிலையாக விளக்கினார். அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இதனையொத்த சிறுவர்களைப் பற்றி எழுதினார். இவ்வளவும் அறிவியலுக்கு ஆக்கமாயிற்று. ஆனால் இதனையொட்டிப் பெற்றோரின் உணர்வுக் குளிர்ச்சியே காரணம் என்ற கருத்தும் பரவிற்று. சிகாகோவில் பணியாற்றிய புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அக்கருத்தை மக்களிடையே வேரூன்றச் செய்தது. எத்தனையோ தாய்மார்கள் தம் குழந்தையின் நிலைக்குத் தாமே காரணம் என்று நம்பி உள்ளம் நைந்தனர்.

அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, ஆட்டிசம் உடைய மகனைப் பெற்ற உளவியலறிஞர் பெர்னார்டு ரிம்லாண்டு, இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது என்று நூல் எழுதி வாதிட்டிருந்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து தோன்றிய 11 இணைகளுள் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருவிலிருந்து தோன்றிய 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. மரபின் பங்கு அன்றே புலனாயிற்று. பிற்கால ஆய்வுகள் நூற்றுக்கணக்கான மரபணுக்களின் தொடர்பைக் காட்டியுள்ளன. தாய் வேலைக்குச் சென்றமையாலோ, குழந்தையைக் கொஞ்சாமல் விட்டமையாலோ இது வருவதில்லை. முன்வினை என்று ஒரு சொல்லிற் கூறி முடிப்பதும் அத்தாய்க்குத் துணை செய்வதாகாது.

காணத்தக்க அறிகுறிகள்

நிலாவைச் சுட்டிக் காட்டிச் சோறூட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தாய் விரலை நீட்டும்போது ஓராண்டு கடந்த குழந்தை விரலை விட்டு நிலாவை நோக்கும். மீண்டும் தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். பின்னர்த் தானே விரல் நீட்டி, "அதோ பார்" என்பதுபோல் காட்டும். தான் கண்டதைப் பிறரும் காண வேண்டும் என்ற இவ்விழைவே பேச்சுக்கு வித்து. ஆட்டிசம் உடைய குழந்தையிடம் பெரும்பாலும் முதலிற் குறைவுபடுவது இதுவே. தனக்கு வேண்டிய பொருளை விரலால் சுட்டாமல், பெரியவரின் கையைப் பிடித்து இழுத்துச் சென்று அப்பொருளின்மேல் வைக்கும் குழந்தைகளும் உண்டு.

பெற்றோர் மனத்திற் கொள்ள வேண்டிய காலக்கணக்கு எளியது. ஆறு மாதத்தில் முகம் பார்த்து மலர்ந்த சிரிப்பு வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மழலையும், சுட்டிக்காட்டுதல், கையசைத்து விடைகூறுதல் போன்ற சைகைகளும், பெயருக்குத் திரும்புதலும் வேண்டும். பதினாறு மாதத்தில் தனிச் சொற்கள் வேண்டும். இரண்டு வயதில், கேட்டதைத் திருப்பிச் சொல்லுதலாக அன்றி, தானே சேர்த்த இருசொல் தொடர்கள் வேண்டும். இவற்றுள் ஒன்று இல்லையெனினும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வந்த பேச்சோ பழகும் இயல்போ எந்த வயதில் மறைந்தாலும் ஒரு நாளும் தாழ்த்தலாகாது.

இவற்றோடு பொருள்களை வரிசையாக அடுக்குதல், சக்கரத்தைச் சுழற்றியே மணிக்கணக்கில் இருத்தல், கையை உதறுதல், ஒரே வழியில்தான் செல்ல வேண்டுமென அடம் பிடித்தல், மிக்ஸி ஓசைக்குக் காதைப் பொத்திக்கொள்ளுதல், ஒன்றிரண்டு உணவுகளைத் தவிர மற்றவற்றைத் தொடாதிருத்தல் ஆகியனவும் காணப்படலாம். தனித்தனியே இவை எந்தக் குழந்தையிடமும் இருக்கக்கூடும். உறவாடலிலும் கருத்துப் பரிமாற்றத்திலும் குறைவு இருந்து, இவையும் சேர்ந்து வரும்போதே ஐயம் வலுப்பெறுகிறது. ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பின் அடுத்து வரும் குழந்தையை இன்னும் விழிப்புடன் கவனிக்க வேண்டும். 2011இல் வெளிவந்த பெரியதோர் ஆய்வில், அவ்வாறு பின்பிறந்தோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இந்நிலை காணப்பட்டது.

கண்டறியும் முறை

ஆட்டிசத்தை உறுதிசெய்யும் இரத்தச் சோதனை இல்லை. ஸ்கேன் படமும் இல்லை. பயிற்சி பெற்றவர் குழந்தையை நேரிற் கவனித்தும், பெற்றோரிடம் வளர்ச்சி வரலாற்றைக் கேட்டும் முடிவு செய்வதே முறை. முதலில் செவிப்புலனைச் சோதிக்க வேண்டும். காது கேளாமையும் பெயருக்குத் திரும்பாமையாகவே தோன்றும் என்பதால் இது இன்றியமையாதது.

16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு, பெற்றோர் விடையளிக்கும் இருபது வினாக்கள் கொண்ட முன்சோதனைப் படிவம் ஒன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 18, 24 மாதங்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் இத்தகைய முன்சோதனை செய்யுமாறு கூறுகிறது. இது வடிகட்டி மட்டுமே. இதில் ஐயம் எழுந்தால் விரிவான மதிப்பீடு தேவை. குழந்தை உளமருத்துவர் அல்லது குழந்தை வளர்ச்சி வல்லுநர், மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் சேர்ந்து பார்ப்பது நன்று. வலிப்பு, அறிவுவளர்ச்சிக் குறை, மிகைத் துறுதுறுப்பு, உறக்கக் குறைவு ஆகியன உடனிருக்கின்றனவா என்பதையும் அவர்கள் ஆராய்வர்.

நம் நாட்டுக்கென உருவாக்கப்பட்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தரப்படும். 70க்குக் குறைவாயின் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை மிதமானது. 107 முதல் 153 வரை நடுத்தரமானது. அதற்கு மேல் கடுமையானது. அரசின் சான்றிதழுக்கும் இதுவே அடிப்படை. இந்த எண்ணைப் பள்ளி மதிப்பெண் போல் எண்ணி வருந்தலாகாது. குழந்தைக்கு இன்று எவ்வளவு துணை வேண்டும் என்பதையே அது கூறுகிறது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குழந்தைநல, உளநலப் பிரிவுகளிலும், மாவட்டங்களில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களிலும் இத்தகைய உதவியை நாடலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் மதிப்பீடும் பயிற்சியும் அளிக்கிறது. மதிப்பீட்டுக்கு நாள் கிடைக்கத் தாமதமாயின், அதுவரை பேச்சுப் பயிற்சியை நிறுத்தி வைக்க வேண்டுவதில்லை. முடிவு எதுவாயினும் அப்பயிற்சி குழந்தைக்குத் தீங்கு செய்யாது.

முதற் குழந்தையின் வாழ்க்கை

நோயறி முடிவைக் கேட்ட பெற்றோர் கேட்கும் முதல் வினா, "இவன் எதிர்காலம் என்னவாகும்?" என்பதே. அதற்கு ஓரளவு விடை தருவது, கேனர் 1943இல் எழுதிய பதினொருவருள் முதற் குழந்தையின் வாழ்க்கை. டொனால்டு டிரிப்லெட் என்னும் அவர் 1933இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இரண்டு வயதுக்குள் பாடல்களை இசை பிசகாமல் பாடினார்; நூறு வரை எண்ணினார். ஆனால் தாயின் வருகையைக் கூடப் பொருட்படுத்தவில்லை. கிடைத்ததையெல்லாம் சுழற்றிக்கொண்டிருந்தார். 'ஆம்' என்று சொன்னால் தோளில் ஏற்றுவதாகத் தந்தை ஒருமுறை கூறினார். அதன்பின் நெடுநாள் வரை, 'ஆம்' என்ற சொல்லுக்குத் தோளில் ஏற்றிக்கொள் என்பதே அக்குழந்தையின் அகராதியிற் பொருளாயிருந்தது.

மருத்துவர் அறிவுரைப்படி மூன்று வயதில் அவரை ஒரு காப்பகத்தில் விட்டனர். ஓராண்டளவில் பெற்றோர் மனம் பொறாது மீட்டு வந்தனர். தந்தை 33 பக்கங்களில் மகனின் இயல்புகளை எழுதிக் கேனருக்கு அனுப்பினார். பின்னர்ச் சில ஆண்டுகள் ஊருக்கு அருகே ஒரு வேளாண் தம்பதியரிடம் சிறுவன் வளர்ந்தான். அவனுக்கு எண்ணுவதில் பித்து. அத்தம்பதியர் அப்பித்தைத் தடுக்கவில்லை. கிணற்றின் ஆழத்தை அளக்க விட்டனர். சோளக்கொல்லையில் ஏரோட்டியவாறே வரிசைகளை எண்ண விட்டனர். எண்ணிக்கையே வேலைக்கு வழியாயிற்று.

டொனால்டு கல்லூரியில் பட்டம் பெற்றார். தம் ஊர் வங்கியில் நெடுங்காலம் பணியாற்றினார். இருபத்தேழு வயதில் கார் ஓட்டக் கற்றார். தனியே பல நாடுகளைச் சுற்றி வந்தார். பெற்றோர் மறைந்த பின்னும் அதே வீட்டில் வாழ்ந்து, 2023ஆம் ஆண்டு 89 வயதில் காலமானார். அவருக்கு ஆட்டிசம் நீங்கிவிடவில்லை. பேச்சு இறுதிவரை சுருக்கமாகவே இருந்தது. ஆனால் ஊரார் அவரைத் தம்மவராகக் கொண்டனர். எவரேனும் அவரை ஏளனம் செய்தால் பொறுக்கவில்லை.

செல்வமும் கல்வியும் உள்ள குடும்பம் அவருக்கு வாய்த்தது. வங்கியும் தாய்வழிக் குடும்பத்தோடு தொடர்புடையது. இவ்வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதன்று. எனினும் 1971இல் கேனர் தம் பதினொரு குழந்தைகளின் பிற்கால வாழ்வை ஆராய்ந்தபோது, பெரிய அரசு மனநல விடுதிகளில் அடைக்கப்பட்டவர்கள் இருந்த திறனையும் இழந்து ஒடுங்கிப் போயிருந்ததைக் கண்டார். டொனால்டைப் போல் வீடும் வேலையும் மனிதரும் வாய்த்தவர்கள் வளர்ந்திருந்தனர்.

சிகிச்சை என்பது கற்பித்தலே

ஆட்டிசத்தின் அடிப்படை இயல்புகளை மாற்றும் மருந்து இன்று வரை இல்லை. கடுஞ்சினம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவற்றைத் தணிக்க ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் ஆகிய இரு மருந்துகள் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பால் முறையே 2006, 2009ஆம் ஆண்டுகளில் ஏற்கப்பட்டன. இவற்றுக்குப் பக்கவிளைவுகள் உண்டு. உளமருத்துவர் மேற்பார்வையிலேயே தர வேண்டும். வலிப்புக்கும் உறக்கமின்மைக்கும் தனியே மருத்துவம் உண்டு. மற்றவையெல்லாம் கற்பித்தலே.

பேசாத குழந்தைக்குப் படவட்டைகள் உதவுகின்றன. தண்ணீர்ப் படத்தை எடுத்துக் கொடுத்தால் தண்ணீர் கிடைக்கும் என்பது புரிந்த அன்றே, பிறரிடம் கேட்டால் பயனுண்டு என்பதும் குழந்தைக்குப் புரிகிறது. படம் காட்டிப் பழக்கினால் பேச்சு வராது என்ற அச்சம் ஆதாரமற்றது. அடுத்து என்ன நடக்கும் என்பதைக் காட்டும் நாள்நிரற் படங்களைச் சுவரில் மாட்டினால் அடமும் அழுகையும் குறையும். பல் துலக்குதல் போன்ற பணியைத் தூரிகையை எடுத்தல், பசை வைத்தல், தேய்த்தல், கொப்பளித்தல் எனச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் பாராட்டிக் கற்பிக்க வேண்டும். செயல்முறைப் பயிற்சியாளர் ஓசை, தொடுகை முதலியவற்றைத் தாங்கும் வழிகளைப் பழக்குவார். அடிப்பதற்கு இக்கல்வியில் இடமே இல்லை. பழைய பயிற்சி முறைகள் சிலவற்றில் தண்டனை இருந்தது. அது தீங்கென உணர்ந்து கைவிடப்பட்டது.

வல்லுநரிடம் வாரத்தில் இரண்டு மணி நேரம் செல்லும் குழந்தை, எஞ்சிய நேரமெல்லாம் வீட்டில்தான் இருக்கிறது. ஆகவே பெற்றோரே முதன்மைப் பயிற்சியாளர். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. அதில் வல்லுநரல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்றனர். தாயும் குழந்தையும் விளையாடுவதை வீடியோவில் பதிந்து, பின் தாயோடு அமர்ந்து பார்த்தனர். குழந்தை எதைப் பார்க்கிறது, எப்போது தானே முயல்கிறது, தாய் எங்கே காத்திருந்து பதில் தரலாம் என்பவற்றைச் சுட்டிக் காட்டினர். பெற்றோரின் மறுமொழி குழந்தையின் போக்கோடு இசைந்தது. குழந்தைகளும் தாமாகப் பெற்றோரை நாடித் தொடர்புகொள்ளுதல் மிகுந்தது. பெருநகர வசதியில்லாத குடும்பங்களுக்கும் வழியுண்டு என்பதை இது காட்டுகிறது.

பொய் நம்பிக்கைகள்

பெற்றோரின் துயரம் சிலருக்கு வாணிகமாகிறது. 1998இல் இலண்டனில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவர் 12 குழந்தைகளைக் கொண்டு எழுதிய கட்டுரை, தட்டம்மைத் தடுப்பூசியோடு ஆட்டிசத்தைத் தொடர்புபடுத்திற்று. 2010இல் அவ்விதழ் அதனைத் திரும்பப் பெற்றது; அவரது மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்து 2019இல் வெளியான ஆய்வு, அத்தடுப்பூசியால் ஆட்டிசம் மிகுவதில்லை எனக் காட்டிற்று. செக்ரெட்டின் என்னும் ஊசி குணப்படுத்தும் என்று பரவிய செய்தியும் 1999இல் 60 குழந்தைகளிடம் செய்த ஒப்பீட்டுச் சோதனையில் பொய்த்தது. உடலிலுள்ள உலோகத்தை வெளியேற்றுவதாகக் கூறித் தரப்பட்ட மருந்தால் 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் உயிரிழந்தான். ஸ்டெம் செல் சிகிச்சைக்காக நிலத்தை விற்கும் குடும்பங்களும் அறிய வேண்டியது ஒன்றுண்டு: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகளின்படி ஆட்டிசத்திற்கு அது ஏற்கப்பட்ட சிகிச்சை அன்று. பாலையும் கோதுமையையும் விலக்கும் உணவு முறைக்கும் உறுதியான சான்று இல்லை. ஏற்கெனவே இரண்டு மூன்று உணவுகளை மட்டுமே உண்ணும் மரக்கறி உணவுக் குழந்தைக்குப் பாலையும் நிறுத்தினால் சத்துக்குறை நேரும். 'முழுக் குணம், உறுதி' என்ற விளம்பரம் எங்குக் காணப்படினும் அதனை விட்டு விலகுக.

சட்டம் தரும் துணை

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை ஏற்றுள்ளன. நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகமைப் பள்ளியிலோ பெற்றோர் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கும் உரிமை உண்டு. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. தன் முடிவுகளைத் தானே எடுக்க இயலாத பிள்ளை 18 வயதை எய்தியபின் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். தங்களுக்குப் பின் யார் என்ற கவலையுடைய பெற்றோர் இதனை மறவாது செய்துகொள்ள வேண்டும்.

உற்றார் கடமை

சிறிய சமுதாயத்தில் எல்லார்க்கும் எல்லாரையும் தெரியும். உடன்பிறந்தவளின் திருமணம் தடைபடுமோ என்று அஞ்சிக் குழந்தையை வீட்டுக்குள் மறைக்கும் குடும்பங்கள் உண்டு. மறைக்கப்படும் குழந்தை பயிற்சியை இழக்கிறது. தாய் துணையை இழக்கிறாள். இவ்வச்சத்தை உண்டாக்குவது சுற்றத்தாரின் பேச்சே ஆதலின், அதனைப் போக்குவதும் அவர்கள் கையிலேயே உள்ளது.

விழாவில் மேளமும் ஒலிபெருக்கியும் முழங்கும்போது காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையைக் கண்டு, "வளர்ப்புச் சரியில்லை" என்று கூறாதிருத்தல் முதற் கடமை. மண்டபத்தில் ஓசையற்ற ஓர் அறையை ஒதுக்குதல், பந்தியில் அக்குடும்பத்துக்கு முதலில் இடமளித்தல், கூட்டம் சேருமுன் வழிபட வாய்ப்பளித்தல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. பாட்டனாரோ அத்தையோ வாரத்தில் ஒரு மாலை குழந்தையைப் பார்த்துக்கொண்டால் தாய் சற்றே உறங்குவாள். அறக்கட்டளைகள் கல்வி உதவித்தொகை வழங்கும்போது, பேச்சுப் பயிற்சிக் கட்டணத்தையும் கல்விச் செலவாகவே கருதலாம். கணக்கெழுதுதல், நூல் அடுக்குதல், பொதிகட்டுதல் முதலிய பணிகளில் ஒழுங்கை விரும்பும் இவ்விளைஞர் சிறந்து விளங்கக்கூடும். கடையும் தொழிலும் நடத்துவோர் ஓரிடம் அளித்துப் பார்க்கலாம்.

இவ்வவையில் உள்ள எவர்க்கேனும் தம் வீட்டுக் குழந்தையைப் பற்றியோ, உறவினர் குழந்தையைப் பற்றியோ ஐயம் இருப்பின், விழா முடியும் வரை காத்திராது இந்த வாரத்திலேயே செவிப்புலன் சோதனைக்கு நாள் குறித்துக்கொள்ள வேண்டும். ஐயம் தவறாக இருப்பின் இழப்பு ஒரு நாளே. ஐயம் சரியாக இருப்பின் அக்குழந்தைக்கு ஓராண்டு மிச்சமாகும்.